இருமலியல்: நூற்பாவும் விருத்தியுரையும்

நூற்பா:
சும்மா கிடப்பின் வாயிலோன் மறப்பான்;
இடையிடை இருமுதல் போனுக்கு இயல்பே.

பதவுரை: வாயிலோன் என்றது வீட்டு ரவுட்டரை. இருமுதல் என்றது, சொல்ல ஒன்றுமில்லாதபோதும் இணையத் தொலைபேசி வெளியே அனுப்பும் வெற்றுப் பாக்கெட்டை.

விளக்கவுரை: ரவுட்டரை அடுக்குமாடி வாட்ச்மேனாகக் கொள்க. உள்ளே எத்தனை கருவி இருந்தாலும் தெருவுக்குத் தெரிவது ஒரே ஐபி முகவரி, 192.168 என்று தொடங்கும் உள்முகவரி தெருவில் செல்லாது. ஆகவே உள்ளிருந்து பாக்கெட் வெளியேறும்போது, 'இன்ன போன், இன்ன போர்ட்' என்று வாட்ச்மேன் நோட்டில் குறித்துக்கொள்வார். பதில் வந்தால் நோட்டைப் பார்த்து உள்ளே விடுவார். கொஞ்ச நேரம் நடமாட்டம் இல்லையேல் அந்த வரியை அடித்துவிடுவார். அதன்பின் நாம் கூப்பிட்டால் போகும். நமக்கு வருவது கேட்டோடு நின்றுவிடும். "ஏண்டா, போன் அடிச்சா எடுக்கவே மாட்டியா?" என்று அத்தை கோபிப்பது இதனால் என்க.

எத்தனை நொடிக்கு ஒருமுறை இருமுவது? இங்கே நூலும் வழக்கும் முரணும். 2007-இல் வந்த இணைய நெறிநூலான ஆர்எஃப்சி 4787, யுடிபி என்னும் பாக்கெட் முறைக்கான நோட்டு வரியைப் பொதுவாக 2 நிமிடத்துக்குள் அடிக்கலாகாது என விதித்தது. வாட்ச்மேன்கள் பலர் அந்நூலைக் கற்றிலர்; 30 நொடியிலேயே அடிப்பர். இதையறிந்த ஆர்எஃப்சி 5626 (2009), 24 முதல் 29 நொடிக்குள் ஏதேனும் ஒரு கணத்தில் இருமுக என்றது. 'ஏதேனும்' என்றது எற்றுக்கெனின், எல்லாப் போனும் ஒருசேர இருமினால் அவற்றைக் கேட்கும் அழைப்பு சர்வர் தாங்காது ஆகலின்.

இனி இருமலின் பொருள். யுடிபிக்கு அந்நூல் சொன்னது ஸ்டன் என்னும் முறையான விசாரிப்பு. வழக்கிலோ பல போன்கள் அனுப்புவது இரண்டு வெற்று வரி மட்டுமே. கடிதம் 4 பைட். முகவரி தாங்கும் உறை 28 பைட்.

தடை: சர்வரே வந்து கதவைத் தட்டினால் ஆகாதோ?

விடை: ஆகாது. உள்ளிருந்து எழும் இருமலைக் கணக்கில் கொள்வது வாட்ச்மேனின் கடமை. வெளியார் தட்டுவதைக் கொள்வது அவர் விருப்பம்.

முடிவுரை: இந்நெறிப்படி என் போன் நாளொன்றுக்கு 3,000 முறைக்கு மேல் இருமி, அத்தையின் ஓர் அழைப்புக்காக விழித்திருந்தது. அழைப்பும் வந்தது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். இதற்கு நூற்பா இல்லை.