கொல்லன் தெருவுக்கு டிக்கெட்

என்ன மாப்ளே, மகளைப் பாக்க அமெரிக்கா கிளம்பிட்டியாம், ஊரெல்லாம் அதே பேச்சா இருக்கு. ஆர்கன்சா மாநிலம், பென்டன்வில். வால்மார்ட் கடைக்காரனுக்குத் தலைமை ஆபீஸ் அங்கதான். அதனால கம்ப்யூட்டர் படிச்ச நம்ம பிள்ளைக நிறையப் பேரு அங்க குடியிருக்காங்க. மருமகன் உன்னை வீட்டுக்குள்ளயே உக்காத்தி வைக்க மாட்டாரு. ஒரு சனிக்கிழமை காருல ஏத்தி, ரெண்டு மணி நேரம் ஓட்டி, மிசோரி மாநிலத்துல பிரான்சன்ங்கிற ஊருக்குப் பக்கத்துல இறக்கி விடுவாரு. அங்க இருக்கு சில்வர் டாலர் சிட்டிங்கிற கேளிக்கைப் பூங்கா. பேரைக் கேட்டதும் மடியை ஒரு தடவை தடவிப் பாத்துக்கோ. நான் மகனோட போயி வந்தவன். அந்த உரிமையில நாலு புத்தி சொல்லுதேன், கேட்டியா.

மொதப் புத்தி, டிக்கெட்டு விலையை ரூபாயாக்கிப் பாக்காதே. உன் கணக்கு எனக்குத் தெரியாதா? மெட்ராஸ் மெயிலுக்கு டிக்கெட் எடுத்துட்டு, அந்தக் காசுக்கு எத்தனை மூடை எள்ளுப் புண்ணாக்கு வாங்கலாம்னு எழும்பூர் வரைக்கும் புலம்பிட்டு வந்தவன்தான நீ. அங்க போயி, “கொல்லன் பட்டறையைப் பாக்கதுக்கா இவ்வளவு துட்டு? எங்க மச்சான் பட்டறை வாசல்ல நின்னா ஓசியிலயே பாக்கலாமே”ன்னு ஆரம்பிச்சிராதே. உன்னைச் சும்மா பாக்க விட்டேனா? வந்து நிக்கும்போதெல்லாம் துருத்தியை உன் கையிலதான குடுத்தேன். அதுக்கு நீ எனக்குக் கூலி கேக்கல, நானும் உனக்கு டிக்கெட் போடல. கணக்கு சரியாப் போச்சு.

உள்ள நுழைஞ்சா 1880-கள் நடந்துக்கிட்டு இருக்கும். பலகை வீடு, மரத்தாழ்வாரம், தோளுல வார் மாட்டுன ஆம்பளைக, ஏப்ரன் கட்டுன பொம்பளைக. குயவன் சக்கரம் சுத்துதான், ஒருத்தன் மரம் செதுக்குதான், ஒரு அம்மா வெள்ளை ஓக் மரத்தை நாரு நாராப் பிளந்து கூடை முடையுது. நூறு பேரு அளவுக்குக் கைத்தொழில்காரங்க எங்ககிட்ட இருக்காங்கன்னு அந்தப் பூங்காவே பெருமை சொல்லிக்கிடுது. அதுக்கு நடுவுல ரோலர் கோஸ்டர் ஒன்னு ஓன்னு அலறிக்கிட்டு ஓடும். 1880-ல அது எப்படி வந்துச்சுன்னு யாரையும் கேக்காதே. ஏற்கனவே மருமகன் உன்னைப் பத்தி ஒரு முடிவுல இருக்காரு.

அந்த ஊரு எப்படி உண்டாச்சுங்கிறது ஒரு கூத்து. அடியில ஒரு குகை கிடக்கு. முந்தி மார்பிள் குகைன்னு பேரு. சலவைக்கல்லு கிடைக்கும்னு 1880-கள்ல ஒரு கம்பெனி இறங்கித் தோண்டுச்சு. கல்லு கிடைக்கல, வவ்வாப் புழுக்கைதான் கிடைச்சுது. அவன் சளைச்சானா? அதையே அள்ளி உரத்துக்கு வித்துக் காசு பாத்தான். புழுக்கை தீந்ததும் நடையைக் கட்டிட்டான். 1889-ல வில்லியம் லிஞ்ச்ங்கிறவரு அதை வாங்கி, 1894-ல சனங்களுக்குச் சுத்திக் காட்ட ஆரம்பிச்சாரு. 1950-ல, சிகாகோப் பக்கம் தூசி உறிஞ்சுற மிஷினு வித்துக்கிட்டிருந்த ஹியூகோ ஹெர்ஷெண்டு, லிஞ்சோட மகள்கள்கிட்ட இருந்து 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தாரு. அஞ்சாம் வருஷமே மனுசன் போயிச் சேந்துட்டாரு. பொண்டாட்டி மேரியும் ரெண்டு மகன்களும் விடல.

குகைக்குள்ள ஒரு கூட்டம் இறங்குனா, அடுத்த கூட்டம் மேல காத்துக் கிடக்கணும். காத்துக் கிடக்கவன் கைச்செலவு பண்ணணுமே! அதுக்குத்தான் 1960 மே மாசம் குகை வாசல்ல ஒரு பழங்கால ஊரைப் போட்டாங்க. பலசரக்குக் கடை, ஐஸ்கிரீம் கடை, வேற இடத்துல இருந்து பெயர்த்துக் கொண்டாந்த ரெண்டு பழைய மரக்கட்டைக் கட்டடம், அப்புறம் ஒரு கொல்லன் பட்டறை. ஆமா, மொத நாள்லயே எங்க ஆளு இருந்தான், அதை மறந்துராதே. கல்யாணத்துக்கு வந்தவங்க வெயில்படாம இருக்கட்டும்னு போட்ட பந்தல், கல்யாணத்தையே முழுங்கின கதையாப் போச்சு. இன்னைக்கு வருஷத்துக்கு இருபது லட்சம் பேரு அளவுல வாராங்க. குகைக்குள்ள இறங்கணும்னா இப்பமும் இறங்கலாம். 200 அடிக்கு மேல உயரமா ஒரு கூடம் உள்ள இருக்கு. இறங்க நூத்துக்கணக்குல படி. உன் முட்டிக்கு அது ஆகாது. ஏறுறதுக்குக் கம்பிவட ரயிலு விட்டிருக்காங்களேன்னு ஆசைப்படாதே, இறங்குறது உன் காலுதான்.

பேருக்குக் காரணம் கேட்டா நீ தலையில கை வச்சுக்கிடுவே. ஆரம்பத்துல, பாக்கிச் சில்லறையை வெள்ளி டாலராவே குடுத்திருக்காங்க. பெரிய காசு, கனமான காசு. அதை வாங்குனவன் போற வழியில பெட்ரோல் பங்குல குடுப்பான், சாப்பாட்டுக் கடையில குடுப்பான். வாங்குனவன் எல்லாம், “இது எங்க கிடைச்சுது?”ன்னு கேப்பான். இவன் கதை சொல்லுவான். சுவத்துல ஒரு போஸ்டர் ஒட்டாம, காசுக்குப் பதில் காசையே குடுத்து ஊரெல்லாம் தண்டோராப் போட்டுட்டாங்க பாத்தியா. நீயும் கடை வச்சிருந்தே. சில்லறைக்குப் புளிப்பு மிட்டாய் குடுத்து இருந்த ஆளையும் விரட்டுனே.

ரெண்டாவது புத்தி, வாயைப் பாக்காதே, கையைப் பாரு.

கொல்லன் பட்டறைக்குப் போனா இது விளங்கும். நான் உலையில நிக்கும்போது பேசி நீ கேட்டிருக்கியா? பேசுனா இரும்பு ஆறிப்போகும். செவந்த இரும்பு கறுக்கதுக்குள்ள அடிச்சு முடிக்கணும், இல்லன்னா மறுபடியும் கரி தின்னும். அங்க உள்ளவனுக்கு ரெட்டைப் பாடு. கை இரும்போட இருக்கணும், வாய் கூட்டத்தோட இருக்கணும். கெட்டிக்காரன் என்ன செய்வான் தெரியுமா? இரும்பு உலைக்குள்ள கிடக்கும்போதுதான் கதையெல்லாம் சொல்லுவான். வெளிய எடுத்துட்டான்னா வாயைப் பூட்டிருவான். கத்தி அடிக்கவனா இருந்தா, காய்ச்சித் தோய்ச்ச பிறகு மறுபடி இளஞ்சூடு காட்டி, அலகுல வைக்கோல் நிறம் ஓடுதான்னு கண்ணை இடுக்கிக்கிட்டுப் பாப்பான். அந்த நிறம் தப்புனா கத்தி ஒன்னு ஒடியும், இல்ல மழுங்கும். அந்த நேரத்துல நீ குறுக்க பூந்து, “வாட்டீஸ் யுவர் நேம்”னு கேட்டு வைக்காதே. பேரு எங்கயும் போகாது, நிறம் போயிரும்.

முந்தி அங்க ஷாட் ஹெல்லர்னு ஒரு ஆளு இருந்தாரு. பட்டறையில கொல்லன், ஊருக்கு மேயர் வேஷமும் அவருக்குத்தான். 1969-ல அந்த நாட்டுல பேரு போன ஒரு டெலிவிஷன் நாடகத்தை அங்க வந்து எடுத்தப்போ அதுலயும் தலையைக் காட்டுனாரு. எங்க ஆளுகளுக்குச் சம்மட்டியும் வரும், சபையும் வரும். என் வீட்டுக்காரிக்கு மட்டும் அது இன்னும் விளங்கல.

கண்ணாடி ஊதுற இடத்துல கொஞ்சம் தள்ளியே நில்லு. உலை கிட்டத்தட்ட 1,100 டிகிரி செல்சியஸ். குழலு முனையில பாகை எடுத்து, உருட்டி, ஊதி, மறுபடி உலையில காட்டி, கால் மணி நேரத்துல ஒரு சாடியாக்கிருவான். கூட்டம் கை தட்டும். “அந்தச் சாடியைக் கட்டிக் குடுப்பா”ன்னு நீ கேக்கப்போறே. குடுக்க மாட்டான். அதை இன்னொரு உலையில வச்சு ராத்திரி முழுக்க மெதுமெதுவா ஆறப் போடணும், சட்டுன்னு ஆறுனா விரிஞ்சிரும். நீ காசு குடுத்து வாங்கிட்டு வாரது, முந்தி ஒரு கூட்டம் கை தட்டுன சாடி. கைத்தட்டு ஒருத்தனுக்கு, சாடி ஒருத்தனுக்கு. கூத்துக்காட்டுற தொழிலோட சூத்திரமே இதுதான். முழு வேலை ஒருநாள் பிடிக்கும், பாக்கவன் பத்து நிமிஷந்தான் நிப்பான். அதனால அழகான பத்து நிமிஷத்தை மட்டும் வெட்டி எடுத்து மேடையில வைக்காங்க. கரி சுமந்தது, மண்ணு மிதிச்சது, கைப்புண்ணு, கடன் சொல்லிட்டுப் போன சம்சாரி, இதுக்கெல்லாம் மேடையில இடம் கிடையாது.

இடம் குடுத்தாலும் வேஷம் மாத்தித்தான் குடுப்பாங்க. பூங்கா இருக்கிற ஓசார்க் மலைப்பக்கம் 1880-கள்ல பால்ட் நாபர்ஸ்னு ஒரு கும்பல் திரிஞ்சுது. ஊருல நியாயம் நிலைநாட்டுதோம்னு கிளம்பி, ராத்திரியில ஆளை அடிச்சு, கொன்னும் போட்டவங்க. சிலரு கொம்பு வச்ச முகமூடி மாட்டிக்கிட்டு வருவாங்க. அந்தக் காலத்துச் சனம் அவங்க பேரைக் கேட்டாலே கதவைத் தாப்பாள் போட்டிருக்கும். அவங்க ஊரைக் கொளுத்துற கதையை வச்சு 1972-ல இருட்டுக்குள்ள ஓடுற ஒரு வண்டி விட்டாங்க. 2023 வரைக்கும் குடும்பம் குடும்பமா ஏறிச் சிரிச்சாங்க. பழசை நிறுத்திட்டு 2024-ல புதுசாவே ஒன்னு கட்டிட்டாங்க. நூறு வருஷம் ஆனா கொள்ளியும் வேடிக்கையாயிரும் போல. 1962-ல இருந்து ஓடுற நீராவி ரயில்ல ஏறுனாலும் நடுவழியில கொள்ளைக்காரன் வந்து மறிப்பான். நீ பாட்டுக்கு வேட்டிக்குள்ள சங்கிலியை ஒளிக்காதே. அவனுக்குச் சம்பளம் பூங்காவுல குடுத்துருவாங்க.

மூணாவது புத்திதான் முக்கியம். திரும்பி வந்து மேடை போட்டுப் பேசாதே. “அவங்க பாரு பழசை எப்படிக் காப்பாத்துதாங்க, நாம எல்லாத்தையும் தொலைச்சுட்டோம்”னு டீக்கடையில நீ ஆரம்பிப்பேன்னு தெரியும். ஒரு தொழிலுக்கு டிக்கெட் போட்டாச்சுன்னா, அந்தத் தொழில வச்சுக் குடும்பம் பிழைச்ச காலம் முடிஞ்சதுன்னு அர்த்தம். ஓசார்க்குல எந்தச் சம்சாரியும் இன்னைக்கு அந்தக் கொல்லன்கிட்டப் போயி கொழு காய்ச்சிக்கிட்டு உழப் போகல. பிள்ளைக வாரது 2013-ல கட்டுன மர ரோலர் கோஸ்டருக்கு. அது மூணு தடவை ஆளைத் தலைகீழாக் கவுத்து எடுக்கும். தலைகீழாச் சுத்துற அந்த வண்டிதான் உலைக்குக் கரி போடுது. இதுல வெக்கப்பட ஒன்னுமில்ல. எனக்கு யாரும் அப்படி ஒரு வண்டி விடல, பட்டறையைப் பூட்டிட்டேன்.

அதுக்காக அவங்க செய்யறது வெறும் வேஷம்னும் சொல்லிராதே, நாக்கு அழுகிரும். 1963-ல ஓசார்க் மலைக் கைத்தொழில்காரங்களைக் கூட்டி ஒரு திருவிழா நடத்துனாங்க. அது வருஷா வருஷம் வளந்து, இப்போ நம்ம புரட்டாசி ஐப்பசி வாக்குல பெரிய அறுவடைத் திருவிழாவா நடக்குது. அந்தப் பூங்காவுக்கு 1967-ல வயலட் ஹென்ஸ்லின்னு ஆர்கன்சாக்காரம்மா ஒருத்தங்க வந்தாங்க. 1916-ல பிறந்தவங்க. பதினஞ்சு வயசுலயே பேனாக்கத்தி வச்சு மரத்தைச் செதுக்கிப் பிடில் செஞ்சவங்க. செதுக்குறதும் அவங்க, வாசிக்கிறதும் அவங்க. பல காலம் அங்க உக்காந்து செதுக்கிக் காட்டுனாங்க. தொண்ணூத்தொம்பது வயசுல கிராண்ட் ஓல் ஆப்ரிங்கிற பெரிய பாட்டு மேடையில ஏறி வாசிச்சாங்க. பாக்க ஆளு வந்ததுனாலதான் அந்தக் கத்தி துருப்பிடிக்காம இருந்துச்சு. சும்மா வீட்டுல இருந்திருந்தா, பேத்தி வந்து உருளைக்கிழங்கு நறுக்கச் சொல்லியிருப்பா.

ஆகையினால நாலாவது புத்தி, போனமா பாத்தமான்னு வராதே, எதையாவது வாங்கு. உன் சேதி எனக்குத் தெரியும். பட்டறை வாசல்ல அரைநாள் நின்னு அருவாளைத் தட்டிப் பாத்து, நூலு பிடிச்சுப் பாத்து, கடைசியில “தை கழியட்டும்”னு போனவன். அந்த ஊருல அப்படி நின்னா மகளுக்குத்தான் மானக்கேடு. பெரிசா வேண்டாம், ஒரு சோப்புக்கட்டி வாங்கு. அந்தக் காலத்துல மரச்சாம்பல்ல தண்ணி ஊத்தி வடிகட்டி, காரத்தை எடுத்து, கொழுப்போட காய்ச்சிச் செஞ்ச ஜாதிச் சோப்பு. அழுக்குப் போகும், மேல் காந்தும். பேரப்பிள்ளைகளை மெழுகுவத்தி முக்குற இடத்துக்குக் கூட்டிட்டுப் போ. திரியை முக்கணும், எடுக்கணும், ஆறவிடணும், மறுபடி முக்கணும். நூறு தடவை சொல்லியும் அதுக படிக்காத பொறுமையை ஒரு மெழுகுவத்தி படிச்சுக் குடுத்துரும். ரோலர் கோஸ்டர்ல மட்டும் ஏறாதே. மகள் கட்டிக் குடுத்த இட்லி பக்கத்துச் சீட்டுக்காரன் மேல போயி விழுந்தா, ரெண்டு நாட்டுக்கும் மனஸ்தாபம்.

வரும்போது காருல மருமகன்கிட்ட நைசா ஒரு சேதி போட்டு வை. “மாப்பிள்ளை, அந்தக் கொல்லனும் ஒரு காலத்துல இந்த வேலைக்கு அழிவே கிடையாதுன்னுதான் நெனச்சிருப்பான்”னு சொல்லு. இப்போ மிஷினே தன் புரோகிராமைத் தானே எழுதிக்கிடுதாமே. இன்னும் கொஞ்ச காலத்துல பலகை வீட்டுக்குப் பதிலா கண்ணாடி ஆபீஸ் ஒன்னு கட்டி, உள்ள உன் மருமகனை உக்காத்தி, கழுத்துல அடையாள அட்டையை மாட்டிவிட்டு, “பாருங்க பிள்ளைகளா, அந்தக் காலத்துல கையாலதான் தட்டுனாங்க”ன்னு டிக்கெட் போட்டுக் காட்டத்தான் போறாங்க. அதனால வேலை செய்யும்போதே நாலு பேருக்கு விளங்குறாப்புல பேசவும் இப்பவே படிச்சுக்கிடச் சொல்லு. சம்பளம் சுமாராத்தான் இருக்கும். ஆனா கை தட்டுவாங்க.