கடல் காற்று கிளம்பிவிட்டது

போரூரில் வீடு பார்க்கப் போனபோது தரகர் நேரே மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். கிழக்கே கையை நீட்டி, “சாயங்காலம் ஆச்சுன்னா பீச் காத்து சும்மா ஜிலுஜிலுன்னு வரும் சார்” என்றார். அவர் கை நீட்டிய பக்கம் ஒரு செல்போன் டவரும் இரண்டு கல்யாண மண்டபமும் தெரிந்தன. அவற்றுக்கெல்லாம் பின்னால், கண்ணுக்கு எட்டாத தூரத்தில், வங்காள விரிகுடா. ஆனால் அவரைப் பொய்யர் என்று நான் சொல்லமாட்டேன். கடல் காற்று போரூரைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும்கூடப் போகிற காற்றுதான். எத்தனை மணிக்கு வரும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

வெயில் ஏற ஏறத் தரை மளமளவென்று சூடாகும். கடல் அவ்வளவு சீக்கிரம் மசியாது. தரைமேல் காற்று சூடாகி, லேசாகி மேலே கிளம்ப, கீழே அழுத்தம் குறையும். உடனே கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று ஊருக்குள் நுழையப் பார்க்கும். பார்க்கும், அவ்வளவுதான். ஏனென்றால் மே மாதக் கடைசியில் எதிர்ப்பக்கமான மேற்கிலிருந்து மேல்காற்று வந்து நிற்கும். இந்த மேல்காற்று சாமானியப்பட்டதல்ல. அரபிக்கடலில் மொண்ட தண்ணீரையெல்லாம் கேரளத்திலேயே கொட்டிவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி இறங்கி, இறங்கும்போது இன்னும் சூடாகி, வெறுங்கையோடு நம் ஊருக்கு வரும் விருந்தாளி. அது பலமாக வீசும் நாளில் கடல் காற்று மெரினாவிலேயே தயங்கி நின்றுவிடும். பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு வரவேண்டியது மூன்று மணியானாலும் வராது. அதற்குள் பாதரசம் நாற்பதைத் தாண்டிவிடும்.

எங்கள் வீட்டில் இந்த விளக்கமெல்லாம் செல்லாது. அம்மாவுக்குப் பஞ்சாங்கம்தான் வானிலை மையம். சூரியன் பரணி மூன்றாம் பாதத்தில் நுழைந்தால் கத்திரி; ரோகிணி முதல் பாதம் தாண்டினால் முடிந்தது. மே 4 வாக்கில் ஆரம்பித்து 28 வாக்கில் நிவர்த்தி. சென்னையில் 45 டிகிரி அடித்தது 2003 மே 31 அன்று, அதாவது கத்திரி முடிந்த பிறகு என்று சொல்லிப் பார்த்தேன். “போறப்ப ஒரு உதை விட்டுட்டுத்தான் போகும்” என்றாள். பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்டே இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், நம் மார்கழிக் குளிரில். ரொம்பத் தள்ளிப்போவது ஜூலையில், எனவே கத்திரியில் நாம் சூரியனை விட்டு விலகித்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்றும் சொன்னேன். அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே, “தள்ளிப்போயே இந்தக் கதின்னா, கிட்டப் போனா என்ன ஆகும்?” என்று கேட்டாள். வெயில் நேராக விழுகிறதா, சாய்ந்து விழுகிறதா என்பதுதான் கணக்கு. ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னையில் நடுப்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் மோர் கலக்கப் போய்விட்டாள்.

பத்திரிகைகள் வேறு. மார்கழியில் செல்சியஸில் பேசுகிறவர்கள் சித்திரை பிறந்ததும் பாரன்ஹீட்டுக்குத் தாவிவிடுவார்கள். 37.8 என்று போட்டால் யார் படிப்பார்கள்? அதையே 100 என்று போட்டால் சதம். வேலூர் சதம், திருத்தணி சதம் என்று தினமும் ஸ்கோர் வரும். இதில் இன்னொரு கூத்து, அந்த அளவெல்லாம் நிழலில் எடுத்தது. வெள்ளையடித்த, சாய்சட்டங்கள் வைத்த மரப்பெட்டிக்குள், காற்றாட, தரையிலிருந்து நாலடி உயரத்தில் தொங்கும் தெர்மாமீட்டர் சொல்வது. வாசலில் நிறுத்திய என் பைக்கின் கறுப்பு ரெக்சின் சீட் என்ன சொல்லும் என்பதை யாரும் அளப்பதில்லை. நான்தான் அந்தச் சதச் செய்தியை நாலாக மடித்து சீட்டில் போட்டு, மேலே உட்கார்ந்து ஆபீஸ் போகிறேன்.

கடைசியில் கடல் காற்று வந்தே விடுகிறது. முகநூலில் வானிலை ஆர்வலர்கள் ‘கிளம்பிவிட்டது’ என்று அறிவிப்பார்கள். சூடு நாலைந்து டிகிரி இறங்கும். ஆனால் வரும்போது கடலின் ஈரத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு வருவதால் வியர்வை காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? மதியம் வறுபட்டவர்கள் இப்போது வேகலாம்.

சில நாளில் அந்தக் கடல் காற்று, ஆப்பு இறங்குகிற மாதிரி, சூடான மேல்காற்றுக்கு அடியில் புகுந்து அதை மேலே தூக்கிவிடும். உயரத்தில் ஈரம் போதிய அளவு இருந்தால் மேகம் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் வரை எழும்பும். மழை கொட்டத் தொடங்கியதும் குளிர்ந்த காற்று மேகத்திலிருந்து பொத்தென்று கீழே விழுந்து, தரையில் சிதறி, மழைக்கு முன்னால் ஓடிவரும். மழைக்கு முந்தி வீசும் அந்தப் புழுதிக்காற்று இதுதான்.

போன வருஷம் அப்படி மேற்கே கறுத்தபோது மாடியில் அம்மாவின் ஜவ்வரிசி வடாம் காய்ந்துகொண்டிருந்தது. பழைய எட்டு முழ வேட்டியில், காக்காய்க்குப் பயந்து ஓரத்தில் கறுப்புக் குடையும் செங்கல்லும் வைத்து. அரைக்காய்ச்சல் வடாம் துணியை விட்டுப் பிரியாது. பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்க அது சமயமும் அல்ல. ஆளுக்கு இரண்டு முனையாக வேட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினோம். பாதிப் படியில் புழுதி வந்து மூடியது. கரண்ட் போனது. இடி மட்டும் உருண்டது. சொட்டு மழை இல்லை. இந்த மேகங்கள் சில கிலோமீட்டர் அகலம்தான். தெருவுக்குத் தெரு பாரபட்சம் பார்க்கும். பூந்தமல்லியிலிருந்து அத்தை போன் செய்து, “இங்க செம மழை, அங்க எப்படி?” என்று விசாரித்தாள்.

அந்த வடாமை ஆடியில் பொரித்தபோது பல்லில் நறநறவென்றது. நிமிர்ந்து பார்த்தேன்.

“அது சீரகம். சாப்பிடு” என்றாள் அம்மா.