ஒரு கோடிச் சீட்டும் ஓர் எழுத்தும்

ஜனவரியில் வாங்கிய டைரியைப் பொங்கலோடு கைவிடுகிறவர்கள், பஞ்சவர்ணப் பேனாவில் பட்டியல் போட்டு மாய்கிறவர்கள் எல்லாரும் புனேவின் டெக்கான் கல்லூரிக்கு ஒரு நடை போய் வரலாம். 1948-இல் அங்கே எஸ்.எம். காத்ரே சமஸ்கிருதப் பேரகராதி ஒன்றுக்குத் திட்டம் போட்டார். ரிக் வேதத்தில் தொடங்கிச் சுமார் 1,500 நூல்கள். பண்டிதர்கள் சீட்டெழுத உட்கார்ந்தார்கள்: ஒரு சொல், அது வரும் நூல், வரும் இடம். முடிந்ததா? அடுத்த சீட்டு. அதற்கே 1973 ஆகிவிட்டது. ஒரு கோடிச் சொச்சம் சீட்டுகள், இரும்பு இழுப்பறைகளில் அகரவரிசையில். (அந்த அறையில் மின்விசிறியை எத்தனையில் வைப்பார்களோ!)

முதல் தொகுதி 1976-இல் வந்தது. 35 தொகுதிகள் வந்த பிறகும் 'அ'வைத் தாண்டவில்லை. 'ஆ' எந்தப் பேரப்பிள்ளைக்கு வாய்த்திருக்கிறதோ!

நம் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனோ 1913-இல் கிளம்பி, லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களோடு 1936-இல் முடிந்தே போனது. புனேக் கணக்கில் அது அள்ளித் தெளித்த அவசரக் கோலம்.