இரண்டு மணிக்கு மூடிய கவுண்டர்

நான் வங்கியில் சேர்ந்த காலத்தில் பகல் 2 மணிக்குப் பணப் பட்டுவாடா முடிந்துவிடும். ஐந்து நிமிடம் தாமதமாக ஓடி வருபவர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போவார். எங்களுக்குப் பாதி வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

லெட்ஜர் பேலன்ஸிங் நாட்களில் சேமிப்புக் கணக்குகளின் இருப்பை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெழுதிக் கூட்டுவோம். பொது லெட்ஜரின் தொகையோடு அது ஒத்துவர வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு ஒத்துவருவது அபூர்வம். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 450 என்பது 540 ஆகியிருக்கும். அதே பக்கத்தை மூன்று பேர் மாற்றி மாற்றிப் பார்த்தாலும் கண்ணில் படாது. கடைசியில் அக்கவுண்டண்ட் சார் லெட்ஜரை மூடிவிடுவார். "போதும் தம்பி, காலைல பாருங்க. இப்பத் தேடினா சரியா இருக்கறதையும் கெடுத்துடுவீங்க." மறுநாள் காலையில் வந்து உட்கார்ந்தால், நேற்று தாண்டிப்போன அதே பக்கத்தில் அந்த 540 பளிச்சென்று நிற்கும்.

கடன் விண்ணப்பங்களையும் மேனேஜர் முற்பகலில்தான் பார்ப்பார். "நாளைக்கு வாங்க" என்று சொல்லக் கேட்டுத் திரும்பியவர் இரவில் வீட்டில் கலந்து பேசுவார். சிலர் தொகையைக் குறைத்துக்கொண்டு வருவார்கள். சிலர் வரவே மாட்டார்கள். வங்கிக்காரர்களின் மெத்தனம் என்று ஊர் பேசியது. ஆனால் அந்த ஓர் இரவு பல குடும்பங்களைக் கடனிலிருந்து காத்தது.

இன்று கவுண்டருக்கு மூடும் நேரமே இல்லை. 2019 டிசம்பரில் நெஃப்ட்டும் 2020 டிசம்பரில் ஆர்டிஜிஎஸ்ஸும் 24 மணி நேரச் சேவைகளாயின. நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்ட வேண்டியவருக்கு அது பெரிய வரம்தான். ஆனால் கடன் செயலியும் அதே நேரத்தில் அதே கைப்பேசியில் திறந்திருக்கிறதே! நாளெல்லாம் உழைத்துக் களைத்தவர், அசந்த கண்ணோடு நிபந்தனைகளைத் தள்ளிவிட்டு 'சம்மதம்' என்று தொட்டுவிடுகிறார்.

களைப்பு சோம்பல் அல்ல. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. தூங்கினால்தான் அது வடியும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கண்–கை ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவர்களின் அளவுக்குத் தடுமாறியதாக 1997-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் விதித்த வரம்பு 0.03 சதவீதம். காலை 6 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 11 மணியோடு 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில்தான் ஐந்து வருடத் தவணைக்குத் தலையாட்டுகிறோம்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை தமிழ்நாடு அரசு 2025-இல் தடை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. கடன் செயலிகளுக்கும் அப்படியோர் அடைப்பு நேரம் வேண்டும். அதுவரை ஒன்றை நினைவில் வையுங்கள்: டிஜிட்டல் கடன் வாங்கியவர் அசலையும் அதுவரைக்குமான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி குறைந்தது ஒரு நாள் அவகாசம் உண்டு. இரவில் வாங்கிய கடனைக் காலையில் ஒருமுறை படித்துப் பாருங்கள்.