இடுப்பு ரகசியம்

அமெரிக்காவில் சட்டைக்குள் ஒளித்துவைத்துக்கொள்ள ஒரு சின்னக் கைத்துப்பாக்கி வாங்கக் கிளம்பும் மனிதர் போலீஸ்காரரும் அல்லர், கடத்தல்காரரும் அல்லர். காப்பீட்டு நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பவராகவோ ஏ.சி. பழுதுபார்க்கும் தொழில் செய்பவராகவோ இருப்பார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும்; வயிறு பெல்ட்டைத் தாண்டியிருக்கும். டெக்சஸ், ஒஹாயோ, டென்னசி புறநகர்களில் சனிக்கிழமை காலை துப்பாக்கிக் கடைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் குனிந்து நிற்பவர்களில் இவரைச் சுலபமாக அடையாளம் காணலாம். இவருடைய அச்சம் முழுவதும் ஒரே இடத்தைச் சுற்றியது: ராத்திரி பதினோரு மணிக்குப் பெரிய கடையொன்றின் கார் நிறுத்துமிடம். அந்த நேரத்தில் அவர் அங்கே போனதில்லை. ஒன்பதரைக்கே படுத்துவிடுவார்.

இந்த வகை மனிதர் பெருகியதற்குச் சட்டமே உரம். தகுதி உள்ளவர் கேட்டால் துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல உரிமம் கொடுத்தே தீர வேண்டும் என்று 1987இல் புளோரிடா விதி செய்தது. பிறகு மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பக்கம் சாய்ந்தன. டெக்சஸ் 1995இல் சட்டம் இயற்றியது. மறைத்து எடுத்துச்செல்வதை அறவே அனுமதிக்காத கடைசி மாநிலமான இலினாயும் 2013இல் வந்து சேர்ந்தது. அதற்குள் முன்னே போனவர்களுக்கு உரிமமே சுமையாகத் தோன்ற ஆரம்பித்திருந்தது. வெர்மான்ட் என்றைக்குமே உரிமம் கேட்டதில்லை. அலாஸ்கா 2003இல் அதைக் கைவிட்டது, டெக்சஸ் 2021 செப்டம்பரில் கைவிட்டது. 2024க்குள் இப்படிப்பட்ட மாநிலங்கள் 29 ஆயின. இதற்கிடையில், வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வதும் அரசியலமைப்பு தந்த உரிமைதான் என்று 2022இல் நியூயார்க் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆக, அரசாங்கத்தின் பக்கமிருந்து இவருக்குத் தடை சொற்பம். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். குற்றப் பின்னணி உண்டா என்று பார்க்கும் சோதனை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எதை வாங்குவது என்று அவர் தமக்குத் தாமே நடத்திக்கொள்ளும் விசாரணைதான் மாதக்கணக்கில் நீளும்.

பிரச்சினை என்னவோ எளியதுதான். துப்பாக்கி சிறியதானால் ஒளிப்பது சுலபம், சுடுவது கஷ்டம். பெரியதானால் சுடுவது சுலபம், ஒளிப்பது கஷ்டம். சுடும்போது வரும் உதைப்பைத் தாங்கிக்கொள்வதில் துப்பாக்கியின் சொந்த எடைக்குப் பெரும் பங்கு உண்டு. எடையைக் குறைத்தால் மிச்ச உதைப்பு கைக்கு வருகிறது. 2008இல் ரூகர் கம்பெனி கொண்டுவந்த எல்சிபி கால் கிலோவுக்குச் சற்றுத்தான் அதிகம். கால்சட்டைப் பைக்குள் போட்டால் போட்ட இடம் தெரியாது. சுட்ட இடம் மட்டும், அதாவது கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சதை, மறுநாள் வரைக்கும் தெரியும். பிடி அவ்வளவு குட்டையானதால் சுண்டுவிரலுக்கு வேலை கிடையாது. தேநீர்க் கோப்பை பிடித்த சீமாட்டியின் விரலைப்போல அது அந்தரத்தில் நிற்கும். குறிபார்க்கும் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடைவெளி குறைவு என்பதால், கையில் நேரும் துளி நடுக்கமும் இலக்கில் ஒரு சாண் விலகலாகப் போய்ச் சேரும்.

இன்னொரு பக்கம் 1988இல் வெளிவந்த ஆஸ்திரியத் தயாரிப்பான க்ளாக் 19. பதினைந்து தோட்டா கொள்ளும். கைக்கு அடக்கம், நம்பகமானது, சொன்ன இடத்தில் சுடும். ஆனால் தோட்டா நிரப்பினால் எடை 850 கிராமைத் தொடும். அதைச் செருகிய கால்சட்டை அந்தப் பக்கமாகவே இறங்கிக்கொண்டிருக்கும். இவருக்கு வேண்டியது இடுப்பில் இருக்கும்போது எலியாகவும் உருவும்போது புலியாகவும் இருக்கும் ஒரு பிராணி. இதைக் கேட்டுக் கடைக்காரர் சிரிப்பதே இல்லை. அவருடைய பிழைப்பே இந்த ஆசையில்தான் நடக்கிறது.

ஆசை புதியதும் அல்ல. உள்ளங்கையில் மறையும் துப்பாக்கிக்குப் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஹென்றி டெரிஞ்சர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பேர்போனவர். 1865இல் லிங்கனைச் சுட்டது அவருடைய செய்நேர்த்திதான். 1950இல் ஸ்மித் அண்ட் வெஸன், ஐந்து குண்டு போடும் குட்டி ரிவால்வர் ஒன்றைப் போலீஸ் தலைமை அதிகாரிகளின் மாநாட்டில் காட்டியது. அதற்கு அவர்கள் பெயராலேயே ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ என்று பெயரும் வைத்தார்கள். இந்தக் குட்டித் துப்பாக்கிகளுக்குப் பெரிய ஊக்கம் தந்தவை துப்பாக்கியைக் கட்டுப்படுத்த வந்த சட்டங்கள் என்பதுதான் வேடிக்கை. ஒரு மேகசினில் பத்துத் தோட்டாவுக்கு மேல் கூடாது என்று 1994இல் மத்திய அரசு பத்தாண்டுத் தடை கொண்டுவந்தது. பத்துதான் என்றான பிறகு பெரிய உடம்பு எதற்கு? அடுத்த ஆண்டே பத்துத் தோட்டாவுடன் க்ளாக் 26 என்ற குட்டைத் துப்பாக்கி வந்துவிட்டது. 2018இல் சிக் சாவர் கம்பெனியின் பி365 வந்தது. வருஷத்தின் 365 நாளும் இடுப்பில் இருக்கத் தக்கது என்று பெயரே சொல்லியது. அதுவரை ஆறோ ஏழோ தோட்டா கொண்ட உடம்பில் பத்தை அடக்கியிருந்தார்கள். இவருடைய வட்டாரத்தில் அந்த ஆண்டு வேறு செய்தியே கிடையாது. முந்தைய ஆண்டு வாங்கியதை எல்லோரும் நஷ்டத்துக்கு விற்றார்கள்.

இந்தக் கூட்டத்துக்குக் குலமுதல்வர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் ஸ்காட்லாந்துக்குத்தான் போக வேண்டும். ஜெஃப்ரி பூத்ராய்ட் என்ற துப்பாக்கி ரசிகர் 1956இல் நாவலாசிரியர் இயான் ஃபிளெமிங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜேம்ஸ் பாண்டை மிகவும் பிடிக்கிறது, ஆனால் அவர் வைத்திருக்கும் .25 பெரெட்டா பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளும் சாமான், அதை மாற்றுங்கள் என்பது சாரம். துப்பாக்கியோடு நிறுத்தவில்லை, உறையையும் மாற்றச் சொன்னார். ஃபிளெமிங் நல்ல மனிதர். ‘டாக்டர் நோ’ நாவலில் பாண்டின் பெரெட்டாவைப் பிடுங்கிக்கொண்டு வால்தர் பிபிகே கொடுத்தார். கொடுக்கும் ஆயுத அதிகாரிக்கு மேஜர் பூத்ராய்ட் என்றும் பெயரிட்டார். பிறர் துப்பாக்கியைப் பற்றிக் கேட்காமலே ஆலோசனை சொல்லி அமரராகிவிடலாம் என்பதற்கு இந்த ஒரு நிகழ்ச்சிதான் ஆதாரம். ஆனால் அன்று முதல் துப்பாக்கி ரசிகர் சமூகத்தில் யாரும் நம்பிக்கை இழக்கவில்லை.

அளவுப் பிரச்சினை தீர்ந்ததும் தோட்டாச் சண்டை. 9 மி.மீ. கட்சி, .45 கட்சி என்று இரண்டு. இரண்டாவதில் பெரும்பாலும் தாத்தாக்கள். இந்தச் சண்டைக்கு ஒரு துயரப் பின்னணி உண்டு. 1986 ஏப்ரலில் மயாமியில் கொள்ளையர் இருவரோடு நடந்த மோதலில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இருவர் மாண்டனர், ஐவர் காயமுற்றனர். கொள்ளையன் ஒருவனின் உடம்பில் பாய்ந்த 9 மி.மீ. குண்டு இதயத்துக்கு எட்டாமல் நின்றுபோனதுதான் குற்றம் என்று முடிவாயிற்று. பெரிய தோட்டாவுக்குப் போனார்கள். உதைப்பு அதிகம் என்று 1990இல் வந்த .40க்கு இறங்கினார்கள், கால் நூற்றாண்டு சுற்றிவிட்டு மறுபடி 9 மி.மீ.க்கே திரும்பினார்கள். தோட்டாவின் தரத்தை ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்ப்பதற்கான எஃப்.பி.ஐ. வரையறையும் அந்தச் சம்பவத்துக்குப் பின் உருவானதுதான்; 12 முதல் 18 அங்குலம் இறங்க வேண்டும். எந்தக் கம்பெனித் தோட்டா எத்தனை அங்குலம் என்பது இவருக்கு மனப்பாடம். தம் ரத்தச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் மனைவியைக் கூப்பிடுவார்.

மனைவியும் ஒருநாள் கடைக்கு வருவார். அவரைக் கண்டதும் கடைக்காரர் தயங்காமல் எடுத்து நீட்டுவது இறகுபோலக் கனமற்ற குட்டி ரிவால்வர். பிடியில் இளஞ்சிவப்பு நிறம். கடையிலேயே கையை மிக மோசமாக உதைக்கும் சரக்குகளில் அதுவும் ஒன்று என்பதைச் சொல்ல மாட்டார். அந்த அம்மாள் இரண்டு குண்டு சுட்டுப் பார்த்துவிட்டு அதைத் திருப்பிக் கொடுப்பார். மேல்ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க அதிக பலம் தேவைப்படாதபடி 2018 முதல் வரும் ‘ஈஸி’ ரகத்தில் ஒன்றைக் கேட்டு வாங்குவார், இலக்கின் நடுவில் சுடுவார், மதியச் சாப்பாட்டுக்கு நேரமாயிற்று என்பார். கணவர் இன்னும் மூன்று மாதம் யோசிப்பார். இந்த இடத்தில் நியாயம் யார் பக்கம் என்று விளக்க வேண்டியதில்லை.

வாங்கியாயிற்று என்றால் வேலை பாதிகூட முடியவில்லை. ஆனை வாங்கியவர் அங்குசத்துக்கு அழுத கதையாக, 600 டாலர் துப்பாக்கிக்கு 15 டாலர் நைலான் உறை வாங்குவார். அது ஒரு வாரத்தில் தொங்கிவிடும். அடுத்தது கைடெக்ஸ் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் உறை; இடுப்பைக் கிழிக்கும். அடுத்தது தோல் உறை. கோடையில் வியர்வையில் ஊறும். கணுக்காலில் கட்டிக்கொள்ளலாம், அவசரத்தில் குனிய வேண்டும், அவர் குனிந்து நாளாயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் இப்படித் தோற்றுப்போன உறைகள் நிரம்பிய ஒரு மேஜை இழுப்பறை இருக்கிறது. அதை மனைவி திறக்கும்போது மட்டும் அவருக்கு உண்மையான ஆபத்து.

எந்த இடத்தில் செருகுவது என்பதில் இரண்டு பள்ளிகள். வலது இடுப்பின் பின்சரிவு, அதாவது கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் திசை, பழைய பள்ளி. அடிவயிற்றுக்கு நேரே செருகுவது புதிய பள்ளி. உருவ வேகம், மறைக்க வசதி என்பது பின்னதன் வாதம். குழல் எதைக் குறிபார்த்துக்கொண்டு இருக்கிறது என்பதைப் பற்றி அந்தப் பள்ளியில் அதிகம் பேசுவதில்லை. தவிர, தொந்தி உள்ளவர் உட்காரும்போது பிடி விலாவில் ஏறும். கார் ஓட்டும் நேரமெல்லாம் விறைப்பாக நிமிர்ந்தே உட்கார வேண்டியிருப்பதால் முதுகுவலி குறைந்ததாகச் சொல்பவர்களும் உண்டு.

அதன்பின் உடை. துப்பாக்கியின் வடிவம் துணியில் புடைத்துத் தெரிவதை அவர்கள் ‘பிரிண்டிங்’ என்பார்கள். இவருக்கு அது கொலைக்குற்றத்துக்குச் சற்றே குறைந்தது. ஆகவே கால்சட்டை இரண்டு அங்குலம் பெரிதாகிறது. பெல்ட், நடுவில் எஃகுத் தகடு வைத்ததாகிறது. சட்டையை உள்ளே செருகும் வழக்கம் ஒழிகிறது. வெள்ளைச் சட்டைகள் ஓய்வு பெற, பூவும் கிளியும் போட்ட ஹவாய்ச் சட்டைகள் வருகின்றன. அந்த அமளியில் எந்தப் புடைப்பும் தெரியாது. சிலர் புகைப்படக்காரர் போடும் பல பை வைத்த மேல்கோட்டு அணிவார்கள். நாற்பது டிகிரி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பவரிடம் என்ன இருக்கிறது என்பது தெருவுக்கே தெரியும். திருடன் முதலில் சுடப்போவது உன்னைத்தான் என்று சக தோழர்களே கேலி செய்வார்கள். காலையில் கண்ணாடி முன்னால் கையை உயர்த்தி, பக்கவாட்டில் திரும்பி, மேல்தட்டுச் சாமானை எடுப்பதுபோல அபிநயம் பிடித்துப் பார்த்த பிறகே வேலைக்குப் புறப்படுவார். இந்த ஒத்திகையில் செலவான நேரத்தைச் சுடும் பயிற்சியில் செலவிட்டிருந்தால் குறி எங்கேயோ போயிருக்கும்.

புறப்பட்டாலும் எல்லா இடத்திலும் நுழைந்துவிட முடியாது. தபால் நிலையத்துக்குள் துப்பாக்கி கூடாது என்பது மத்தியச் சட்டம். டெக்சஸில் கடைக்காரர் விரும்பாவிட்டால் தண்டனைச் சட்டத்தின் 30.06 பிரிவின்படி வாசலில் அறிவிப்பு மாட்டலாம். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில். அமெரிக்காவின் புகழ்பெற்ற வேட்டைத் தோட்டா ஒன்றுக்கும் அதே எண்தான் பெயர் என்பது தற்செயலோ, சட்டம் எழுதியவரின் குறும்போ. எழுத்தில் அங்குலம் குறைகிறதா என்று நின்று அளந்துபார்ப்பவர் இவர் ஒருவர்தான்.

இவ்வளவு பாடும் எதற்கு? ஒருவருக்கும் தெரியக்கூடாது என்பதற்கு. ஆனால் காரின் பின்கண்ணாடியில் துப்பாக்கிக் கம்பெனியின் ஸ்டிக்கர், தலையில் அதன் தொப்பி, மார்பில் அதே பெயர். அலுவலகத்தில் காபி எந்திரத்தருகே அகப்பட்டவரிடம் ஐந்தாவது நிமிடம் பேச்சு உறைக்கு வந்துவிடும். மாமனாருக்குத் தெரியும், பல் வைத்தியருக்குத் தெரியும், தேவாலயத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தோட்டாவின் எடைகூடத் தெரியும். துணியால் மூடுவதில் காட்டிய அக்கறையில் கால் பங்கு வாயை மூடுவதில் காட்டியதில்லை. தெரியாமல் எஞ்சியிருப்பது அந்தக் கார் நிறுத்துமிடத்துத் திருடன் ஒருவனுக்குத்தான்; அவனோ வரவே இல்லை.

ஜனவரிதோறும் லாஸ் வேகஸில் துப்பாக்கி வியாபாரிகளின் பெரிய கண்காட்சி நடக்கும். அதில் மூன்று மில்லிமீட்டர் மெலிந்த ஏதாவது ஒன்று அறிமுகமாகும். இடுப்பில் இருப்பது திடீரென்று கனக்கத் தொடங்கும். விற்பார், வாங்குவார், உறையும் புதிதாக வேண்டும்.

இப்படியே போனால் சிலர் இலக்கை எட்டிவிடுவதும் உண்டு: இருப்பதே தெரியாத துப்பாக்கி, உறுத்தாத உறை, அல்லது பையின் சின்ன அறையில் அழகாக அடங்கும் ஏற்பாடு. அந்த வெற்றியின் அளவைப் பதிவு செய்வது விமான நிலையப் பாதுகாப்புத் துறை. 2023இல் பயணிகளின் கைப்பைச் சோதனையில் அமெரிக்கா முழுவதும் 6,737 துப்பாக்கிகள் அகப்பட்டன. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தோட்டா நிரப்பியவை. பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், பையில் இருப்பதே மறந்துபோயிற்று என்பது. பெரும்பாலும் அது உண்மையாகத்தான் இருக்கும். உள்ளூர்ப் போலீஸ் வரும், விமானம் போய்விடும், வரிசையில் நிற்காமல் விரைவாகச் செல்லும் சலுகை ஐந்தாண்டுக்குப் பறிபோகும். 2023இல் அபராதம் ஏறக்குறைய 15,000 டாலர் வரை விதிக்க முடிந்தது. அந்தத் தொகைக்கு எத்தனை பி365 வாங்கலாம் என்ற கணக்கைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் போட்டு முடித்துவிடுவார்.