வன்னி மரம் பார்க்க விமான டிக்கெட்

அன்னூரிலிருந்து பாலைவனம் பார்க்க ஜெய்சல்மேர் போனார் மச்சான். சம் மணல்மேட்டில் சூரியன் மறைந்ததை அவர் பார்க்கவில்லை. அவருடைய போன் பார்த்தது. ஒட்டகத்தோடு நாற்பது படம், வழியில் மயிலுக்குப் பதினாறு. இங்கே அதே மயில் சோளக்காட்டில் இறங்கினால், தகரத்தைத் தட்டி விரட்டுகிறவரும் அவரேதான்.

வந்ததும் அம்மிச்சியிடம் போனை நீட்டினார். "இது கேஜ்ரி. ராஜஸ்தானுக்கே மாநில மரமாக்கும்!"

அம்மிச்சி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஏஞ்சாமி, இது நம்ம வன்னி மரமல்லோ? சிவன் கோயில்லயே நிக்குதே, இதுக்கா பிளேன் ஏறுனே?"

"அங்கே பின்னணி வேறங்க அம்மிச்சி. வறட்சி!"

வறட்சிக்கா இங்கே பஞ்சம்? ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி பறந்தபோது படமெடுக்க ஒருவரும் வரவில்லை. அறுபது ஆண்டுக் கோரிக்கைக்குப் பின், 2024 ஆகஸ்ட் 17-இல் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கியது. பவானியின் உபரி நீர் 1,045 குளம் குட்டைகளுக்கு. தண்ணீர் வந்த குளத்துக்குக் கொக்கும் நாரையும் வருகின்றன.

மச்சான் அடுத்து, நாரை பார்க்கப் பரத்பூருக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்.