இரண்டு டாக்டர், ஒரு தலையணை

தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறவர்களுக்கு மாஸ்க் வழியே காற்று செலுத்தும் சிபேப் கருவி. இரவில் கை மரத்துப்போகிறவர்களுக்கு ஸ்பிளிண்ட். இரண்டும் ஒரே ஆளுக்கு வாய்த்தால் எப்படிச் சமாளிப்பது என்று தெப்ராவ் வட்டார வாசகர்கள் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள். இந்த வாரப் பக்கம் முழுக்க அவர்களுக்கே.

கே: ஒரு டாக்டர் மாஸ்க் போடு என்கிறார். இன்னொரு டாக்டர் இரண்டு கைக்கும் ஸ்பிளிண்ட் போடு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
(வாசகர், தாமான் மவுண்ட் ஆஸ்டின்)

ப: இருவர் பேச்சையும். இருவரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஒருவர் அறையில் நீங்கள் வெறும் மூக்கு, இன்னொருவர் அறையில் வெறும் கை. மூக்கும் கையும் சந்தித்துக்கொள்கிற இடம் உங்கள் படுக்கை.

தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து காற்று போகும் வழி அடைபடுகிறது. மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றால் அதை ஒரு தடவை என்று கணக்கில் எடுப்பார்கள். மூச்சு வெகுவாகக் குறைவதும் இந்தக் கணக்கில் சேரும். மணிக்கு 5 தடவை என்றால் நோய் தொடங்கிவிட்டது, 30-ஐத் தொட்டால் கடுமை. கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொருகும்.

கையின் கதை வேறு. மணிக்கட்டுக்குள் ஒரு குறுகிய சந்து இருக்கிறது. அதற்குள் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கினால் சந்தில் அழுத்தம் ஏறி நரம்பு நசுங்கும். பெருவிரலிலிருந்து மோதிர விரலின் பாதி வரை மரத்துப்போய் உங்களை எழுப்பும். சுண்டு விரல் மட்டும் நிம்மதியாகத் தூங்கும், அதற்கு வருவது வேறு நரம்பு. ஸ்பிளிண்ட் மணிக்கட்டை நேராக வைத்து, நரம்புக்கு இடம் விடுகிறது. இரண்டில் எதைத் தூக்கிப்போட்டாலும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

கே: எதை முதலில் போடுவது? தினமும் படுக்கையில் ஒரு மல்யுத்தமே நடக்கிறது.
(ஓய்வுபெற்ற ஆசிரியை, தாமான் மோலேக்)

ப: மாஸ்க் முதலில், ஸ்பிளிண்ட் பிறகு. மாஸ்க் நுணுக்கமான வேலை, வெறுங்கை வேண்டும். ஸ்பிளிண்ட் முரட்டு வேலை, எப்படியும் முடியும்.

பகலிலேயே மூன்று காரியங்களை முடித்துவிடுங்கள். கருவியின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி, காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள். மூச்சு இழுத்ததும் தானாக ஓடத் தொடங்கும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு, அதை இயக்கி வையுங்கள்; இருட்டில் பொத்தானைத் தேட வேண்டாம். தலைப்பட்டையை ஒரு தடவை அளவு பார்த்துச் சரிசெய்த பிறகு அதன் வெல்க்ரோவைத் தொடவே தொடாதீர்கள். கழற்றுவதும் மாட்டுவதும் கன்னத்தருகே உள்ள கிளிப்பால் மட்டும் நடக்கட்டும்.

ஸ்பிளிண்ட் பட்டைகளின் முனையில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு நாடா வளையம் தைத்துக்கொள்ளுங்கள். கிள்ளிப் பிடிக்க முடியாத விரலாலும் வளையத்தைக் கொக்கிபோல் மாட்டி இழுக்க முடியும். மணிக்கட்டு ஸ்பிளிண்ட் என்றால் விரல்கள் வெளியே இருக்கும், ஆகவே இரண்டாவது கையையும் நீங்களே கட்டிவிடலாம்.

கே: காந்தக் கிளிப் வைத்த மாஸ்க் விற்கிறார்கள். பக்கத்தில் கொண்டுபோனாலே ஒட்டிக்கொள்கிறது. வாங்கலாமா?
(வாசகர், உலு திராம்)

ப: விரலில் பலம் இல்லாதவர்களுக்கு அது வரம். ஆனால் வாங்குமுன் உங்கள் நெஞ்சையும் தலையையும் விசாரியுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் உலோகக் கிளிப், காதில் காக்ளியர் கருவி போன்றவை இருந்தால் காந்த மாஸ்க் ஆகாது. இதைப் பற்றி 2022 செப்டம்பரில் பிலிப்ஸ் நிறுவனமும் 2023 நவம்பரில் ரெஸ்மெட் நிறுவனமும் எச்சரிக்கை விடுத்தன. உடலுக்குள் இருக்கும் கருவிக்கும் மாஸ்க் காந்தத்துக்கும் இடையே குறைந்தது 15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும்.

பக்கத்தில் படுப்பவருக்கும் இந்த விதி பொருந்தும். உங்கள் வீட்டுக்காரம்மாவுக்குப் பேஸ்மேக்கர் இருந்து, அவர் தோளில் சாய்ந்து தூங்குவது உங்கள் வழக்கமானால், சாதாரணக் கிளிப் மாஸ்க்கே போதும். அன்பும் தொடரட்டும், இதயமும் ஓடட்டும்.

கே: அம்மாவுக்கு முடக்குவாதம். இரண்டு கைக்கும் விரல்களையும் சேர்த்துப் பிடிக்கும் பெரிய ஸ்பிளிண்ட் கொடுத்திருக்கிறார்கள். சிபேப்புக்கு வாயையும் மூக்கையும் மூடும் மாஸ்க். இரவில் தனி அறையில் படுக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.
(வாசகி, தாமான் ஜோகூர் ஜெயா)

ப: உங்கள் பயம் நியாயமானது. இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான பதில் இதுதான், வீட்டில் எல்லாரும் படியுங்கள்.

தானாகக் கழற்ற முடியாத மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு யாரும் தனியாகத் தூங்கக் கூடாது. நடுராத்திரியில் வாந்தி வந்தால், வாயை மூடிய மாஸ்க்கை அந்தக் கணமே கழற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும். மின்சாரம் போனால் வெளிக்காற்று உள்ளே வர இந்த வகை மாஸ்க்கில் ஒரு வால்வு உண்டு. வாந்திக்கு அந்த வால்வு உதவாது.

நாளைப் பகலில் ஒரு சோதனை வையுங்கள். அம்மாவுக்கு இரண்டு ஸ்பிளிண்டும் கட்டி, மாஸ்க்கும் மாட்டி, கண்ணை மூடச் சொல்லுங்கள். ‘கழற்றுங்கள்’ என்றதும் அவராகவே உடனே கழற்ற வேண்டும். புறங்கையால் நெற்றிப் பக்கம் தள்ளிக் கழற்றினாலும் சரிதான். முடிந்தால் தேர்ச்சி. முடியாவிட்டால் அன்று இரவு ஒருவர் அதே அறையில் படுங்கள், மறுநாளே மருத்துவமனையை அழையுங்கள்.

அங்கே இரண்டு கேள்வி கேளுங்கள். மூக்கை மட்டும் மூடும் மாஸ்க் அம்மாவுக்குப் போதுமா? அது போதுமென்றால் வாயை மாஸ்க் மூடாது, ஆபத்து குறையும். இரண்டு கைக்கும் ஒரே இரவில் கட்ட வேண்டுமா, இல்லை இன்று வலது, நாளை இடது என்று மாற்றி மாற்றிக் கட்டலாமா? கை சிகிச்சையாளர்கள் பலருக்கு இப்படி மாற்றிக் கட்டச் சொல்வதுண்டு. ஒரு கை விடுதலையானால் மாஸ்க், தண்ணீர், போன், விளக்கு எல்லாம் எட்டும் தூரத்துக்கு வந்துவிடும்.

கே: விடியற்காலை 3 மணிக்குக் கை குறுகுறுத்து எழுந்து, எரிச்சலில் எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டுவிடுகிறேன். பாதி இரவு போட்டது போதாதா?
(வாசகர், கங்கார் தெப்ராவ்)

ப: போதாது. நீங்கள் கழற்றுகிற நேரம்தான் கருவிக்கு முக்கியமான நேரம். கனவு காணும் தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். அந்தத் தூக்கத்தில் தசைகள் மிகத் தளர்ந்திருக்கும், பலருக்கு மூச்சு அடைபடுவதும் அப்போதுதான் கூடும்.

கோபம் கைமேல், தண்டனை மூக்குக்கா? கை குறுகுறுத்தால் மாஸ்க்கைத் தொடாமல் கையை உதறுங்கள், ஸ்பிளிண்ட் பட்டையைச் சற்றுத் தளர்த்துங்கள். மிக இறுக்கிக் கட்டினாலும் கை மரக்கும். தினமும் இப்படி நடந்தால் ஸ்பிளிண்ட் அளவு சரியில்லை என்று பொருள். பெருவிரலின் அடிச்சதை வற்றினாலோ, பகலிலும் பொருள்கள் கைநழுவினாலோ தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். நரம்பு காத்திருக்காது.

கே: இரவில் பாத்ரூம் போக எல்லாவற்றையும் கழற்றி மாட்டுவதற்குள் தூக்கமே போய்விடுகிறது.
(வாசகர், தாமான் டேசா தெப்ராவ்)

ப: மாஸ்க்கைக் கழற்றாதீர்கள், குழாயை மட்டும் பிரியுங்கள். பல மாஸ்க்குகளில் குழாய் சேருமிடத்தில் அழுத்தினால் பிரிகிற இணைப்பு உண்டு. முகத்தில் மாஸ்க்கோடு போய்வாருங்கள். வழியில் பேரப்பிள்ளைகள் பார்த்துப் பயப்படாமல் இருக்க முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இன்னொரு நல்ல செய்தி: மூச்சு அடைபடுவதே இரவில் சிறுநீரைக் கூட்டும். கருவியை ஒழுங்காகப் போடப் போடப் பலருக்கு இந்த நடை குறையும்.

கே: ஸ்பிளிண்ட் வெல்க்ரோ தலைப்பட்டையில் ஒட்டிக்கொண்டு இழுக்கிறது. காலையில் இரண்டையும் பிரிக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது.
(வாசகி, தாமான் புக்கிட் இண்டா)

ப: பழைய பருத்திக் காலுறையின் பாத முனையை வெட்டிவிடுங்கள். மிஞ்சும் குழலை ஸ்பிளிண்டின்மேல் ஏற்றிவிட்டால் வெல்க்ரோ அதற்குள் அடங்கிவிடும். முகத்தில் கீறலும் இல்லை. ஜோகூர் புழுக்கத்துக்கு ஸ்பிளிண்டுக்கு உள்ளேயும் ஒரு மெல்லிய பருத்தி உறை வேண்டும், வியர்வையை அது குடித்துவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலையில் தோலைப் பாருங்கள். சிவப்புத் தடம் அரை மணியில் மறையாவிட்டால் ஸ்பிளிண்ட் எங்கோ அழுத்துகிறது.

கே: தூக்கத்தில் என் கணவரின் ஸ்பிளிண்ட் கை என் முகத்தில் வந்து விழுகிறது. அவருக்குத் தெரியவே இல்லை.
(வாசகி, தாமான் இஸ்தீமேவா)

ப: நடுவில் ஒரு நீளத் தலையணை வையுங்கள், அவர் அதைக் கட்டிக்கொண்டு தூங்கட்டும். உங்கள் மூக்கும் பிழைக்கும், அவர் கன்னத்துக்கடியில் கை போய் மாஸ்க்கைத் தள்ளுவதும் நிற்கும். காற்றுக் கசிவுக்கு இந்தக் கன்னத்துக் கையும் ஒரு காரணம்.

கே: ஸ்பிளிண்டைக் காடியில் வைத்துவிட்டு தெப்ராவ் சிட்டிக்குள் சாமான் வாங்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வளைந்திருக்கிறது.
(வாசகர், தாமான் டாயா)

ப: உங்கள் கைக்கென்று அச்செடுத்துச் செய்த பிளாஸ்டிக் ஸ்பிளிண்டை 60, 70 டிகிரி வெந்நீரில் இளக்கித்தான் வளைப்பார்கள். மூடிய காடியின் வெயிலும் அதன் வடிவத்தைக் கெடுக்கப் போதும். செய்துகொடுத்த இடத்துக்கே கொண்டுபோங்கள், பெரும்பாலும் மறுபடி இளக்கிச் சரிசெய்துவிடுவார்கள். வீட்டில் நீங்களே வெந்நீரில் போட்டுப் பார்க்க வேண்டாம்.

கே: தலைக்கு எண்ணெய் வைக்காமல் எனக்குத் தூக்கம் வராது. மாஸ்க் வழுக்குகிறது.
(வாசகி, தெப்ராவ்)

ப: எண்ணெயைக் காலைக்கு மாற்றுங்கள். முகத்து எண்ணெய்ப் பசை மாஸ்க் ஓரத்தை வழுக்கவிடும், அதன் சிலிக்கோனையும் நாளடைவில் கெடுக்கும். வழுக்குகிறதே என்று பட்டையை இறுக்கினால் மூக்குப் பாலத்தில் புண் வரும். படுக்குமுன் முகம் கழுவித் துடையுங்கள், காலையில் மாஸ்க்கின் ஓரத்தை ஈரத்துணியால் துடையுங்கள். பிரித்துக் கழுவும் பெரிய வேலையை மாலைக்கு வையுங்கள். விடிந்ததும் இறுகிக் கிடக்கும் விரல்களை அதற்கு வற்புறுத்தாதீர்கள்.

கே: விடியுமுன் மோட்டார் சைக்கிளில் காஸ்வே தாண்டி சிங்கப்பூர் ஃபேக்டரிக்குப் போகிறவன் நான். கை மரத்துப்போவது வேலையால் வந்ததா? நஷ்ட ஈடு கிடைக்குமா?
(வாசகர், தாமான் பெலாங்கி)

ப: ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதும், அதிர்கிற கருவியைப் பிடிப்பதும் மணிக்கட்டு நரம்பைப் பாதிக்கும். உங்கள் வேலை என்னவென்று டாக்டரிடம் விவரமாகச் சொல்லி, அட்டையில் எழுதச் சொல்லுங்கள். ஜோகூரில் வேலை செய்பவர்களுக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோ தொழில்சார் நோய்களையும் கவனிக்கிறது. சிங்கப்பூர் முதலாளியிடம் வேலை செய்யும் உங்களுக்கு அந்நாட்டின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம்தான் வழி. எழுத்தில் இல்லாத வலிக்கு எந்த அலுவலகமும் பணம் தராது.

அதைவிட அவசரமானது ஒன்று. மூச்சு அடைபட்டுத் தூக்கம் கெட்டவர் விடியற்காலையில் மோட்டார் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. கருவியைப் போடுங்கள். கண் சொருகினால் ஓரமாக நிறுத்துங்கள். ஸ்பிளிண்டோடு வண்டி ஓட்டாதீர்கள்.

கே: மூச்சும் கையும் ஒரே ஆளுக்கு வருவது என் துரதிர்ஷ்டமா?
(வாசகர், பாசிர் கூடாங்)

ப: பொதுவான காரணம் இருக்கலாம். உடல் பருமனும் தைராய்டு சுரப்புக் குறைவும் இரண்டு நோய்க்கும் வழிவிடும். சர்க்கரை நோய் மணிக்கட்டு நரம்பைத் தாக்கும், மூச்சு அடைபடுகிறவர்களிடமும் அது அதிகம். 2019-இல் நாடளாவிய சுகாதார ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை என்று கண்டது. தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். கிரகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கே: இந்த சிபேப்பை யார் கண்டுபிடித்தது? ஒரு வார்த்தை பேச வேண்டும்!
(வாசகர், பிளெந்தோங்)

ப: ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன். 1981-இல் சிட்னியில் ஐந்து நோயாளிகளிடம் சோதித்து எழுதினார். அதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்குத் தொண்டையில் துளை போடுவதுதான் வழி. தொடக்க காலக் கருவிக்குக் காற்று கொடுத்தது தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டார். மாஸ்க்கை ஒவ்வொரு இரவும் முகத்தில் பசை போட்டு ஒட்டினார்கள். கிளிப்போடு மல்லுக்கட்டும் நாம் அவரிடம் பேச வேண்டிய வார்த்தை ‘நன்றி’.

கே: சரி, நாளைக்கே என்ன செய்யட்டும்?
(பலர்)

ப: அரசு கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி டாக்டரைப் பாருங்கள், இரண்டு பிரச்சினையையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். நம் வட்டாரத்துக்கு மவுண்ட் ஆஸ்டினில் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை இருக்கிறது, அங்கே போகக் கடிதம் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் ஸ்பிளிண்ட் வேலை பார்ப்பவர்கள் ‘சாராகெர்ஜா’ என்று மலாயில் பலகை வைத்த பிரிவில் இருப்பார்கள்.

போகும்போது மாஸ்க்கையும் ஸ்பிளிண்டையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். மூச்சு டாக்டர் முன்னால் மாஸ்க்கை மாட்டி, ஸ்பிளிண்டையும் கட்டிக் காட்டுங்கள். கை சிகிச்சையாளர் முன்னாலும் அதையே செய்யுங்கள். எங்கே சிக்குகிறது, எந்தப் பட்டை எட்டவில்லை என்று அவர்கள் கண்ணால் பார்த்தால் மாற்று வழி சொல்ல அவர்களுக்குத் தெரியும். வாயால் விளக்குவதைவிட அது சுருக்கமான வழி, உங்கள் உரிமையும்கூட.